டவுசர் ஒன்று, டிரவுசர்ஸ் பல?

கேள்வி (பிப்ரவரி 4, காலை)

ஏழாவது படிக்கிற என் மகன் இங்கிலீஷ் பரீட்சையில் 'மை டிரவுசர் இஸ் டோர்ன்' என்று எழுதியிருக்கிறான். அரை மார்க் போச்சு. 'மை டிரவுசர்ஸ் ஆர் டோர்ன்' என்று வர வேண்டுமாம். கிழிந்தது ஒரே ஒரு டவுசர். ஒன்று, இரண்டு எண்ணத் தெரியாத மொழியை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு மார்க் குறைக்கிறார்கள் என்பது என் கட்சி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, மதியம்

டீச்சர் போட்டது சரிதான் அம்மணி. உங்கள் கோபமும் நியாயம்தான்.

இரண்டு பாகம் ஒட்டிப் பிறந்த சாமான்களை ஆங்கிலம் பன்மையில்தான் சொல்லும். கத்தரிக்கோல் சிசர்ஸ். மூக்குக்கண்ணாடி ஸ்பெக்டகிள்ஸ். குறடு பிளையர்ஸ். அந்த வரிசையில் டிரவுசர்ஸ், ஷார்ட்ஸ், ஜீன்ஸ். கையில் இருப்பது ஒன்றானாலும் வினைச்சொல் 'ஆர்' தான். எண்ண வேண்டுமானால் 'அ பேர் ஆஃப்', அதாவது 'ஒரு ஜோடி', என்று முன்னால் ஒன்றை மாட்டிவிட்டு எண்ணும்.

காரணம் ரொம்ப எளிது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இரண்டு காலுக்கும் தனித்தனியாகத் துணி தைத்து, மாட்டிக்கொண்டு, மேலே கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். இரண்டு துணி, அதனால் பன்மை. முடிந்தது.

பிப்ரவரி 4, இரவு

முடியவில்லை. 'பேர்' என்று எழுதியதும் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேப்பர் வேலை பார்த்தவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். சேர்ந்த புதிதில் பைஜாமா ஆர்டர் ஒன்று. பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், அனுப்பிய தாளில் '600 பேர்ஸ்' என்று இருந்தது. நானும் படு சிரத்தையாகத் தமிழில் '600 ஜோடி' என்று எழுதி பேக்கிங் செக்‌ஷனுக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் பேக்கிங் அண்ணன் வியர்த்துக் கொட்ட வந்து நின்றார். "சார், பாதி பீஸ் குறையுது." குடோனில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பாலிபேக்குக்குள்ளும் இரண்டு பைஜாமா. சாக்ஸ் மாதிரி ஜோடி போட்டு மடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, 300 கவர் தயாராக இருந்தது. மீதி 600 பீஸ் எங்கே என்று கட்டிங்குக்கும் தையலுக்கும் ஆள் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிங் மாஸ்டர் தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப மடித்து முடித்தபோது ராத்திரி ஒரு மணி. டீக்காசு நான் கொடுத்தேன்.

உங்கள் பையனுக்கு அரை மார்க். எனக்கு 42 டீ.

பிப்ரவரி 5

தப்பு செய்துவிட்டேன். மதியம் நான் சொன்ன 'எளிய காரணத்தை' ஒரு தம்பி நன்றாகவே பிடித்துவிட்டார். அவர் கேட்டது இது: கால் இரண்டு என்பதால் டிரவுசர்ஸ் பன்மை என்றால், சட்டைக்குக் கை இரண்டு, ஷர்ட் ஏன் ஒருமை?

பதில் தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், நான் சொன்னதில் பாதிதான் உண்மை. இரண்டு காலும் தனித்தனியாக இருந்தது 'ஹோஸ்' என்கிற பழைய உடுப்பு. அது நிஜமாகவே ஜோடி. டிரவுசர்ஸ் என்ற சொல் வரும்போது கால்கள் எப்போதோ ஒட்டிவிட்டன. அந்தச் சொல்லே அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து கேலிக் மொழிகளிலிருந்து 'டிரூஸ்' என்று வந்தது. 'டிராயர்ஸ்' மாதிரி இருக்கட்டும் என்று வால் நீண்டு டிரவுசர்ஸ் ஆனது. ஆக, இடுப்புக்குக் கீழே இரண்டு காலையும் தனித்தனியாக நுழைத்துப் போடுவது எதுவானாலும் 'ஸ்' போடுவது பழக்கமாகிவிட்டது, புதிதாக வந்தவையும் அதே வரிசையில் நின்றுகொண்டன என்பதுதான் சரி.

இதற்கு முன்னால் ஆண்கள் போட்ட 'பிரீச்சஸ்' இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'ப்ரோக்' ஒருமை, 'ப்ரேக்' பன்மை. அந்தப் பன்மையையே ஒருமை என்று நினைத்து அதன் மேல் இன்னொரு 'ஸ்' போட்டார்கள். பன்மைக்கே பன்மை. 'சில்ட்ரன்' கதையும் இதுதான். 'சில்டர்' என்றாலே குழந்தைகள். திருப்தி வராமல் 'அன்' என்ற இன்னொரு பன்மை விகுதியையும் சேர்த்துவிட்டார்கள். நம் ஆட்கள் 'சிப்ஸ்கள்' என்று எழுதினால் சிரிக்கிறோம்.

பிப்ரவரி 5, மாலை

இன்னொருவர் தனியாகக் கேட்டிருக்கிறார், இங்கேயே சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை, உள்ளாடை எங்கள் ஊர்த் தொழில். ஆமாம், பிரா ஒருமை, பேண்டீஸ் பன்மை. 'எண்ணிக்கை தெரியாத மொழி' என்ற உங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதற்கு எந்தத் தத்துவமும் தேட வேண்டாம். முன்னது பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம், ஒருமையாகவே வந்து இறங்கியது. பின்னது கீழ் வரிசையில் சேர்ந்துவிட்டது.

பிப்ரவரி 7

பைஜாமாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அது நம் பக்கத்துச் சொல். பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடுப்பு. உருதுவிலும் இந்தியிலும் பாஜாமா என்றால் ஒருமை. வெள்ளைக்காரன் அதைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனதும் 'ஸ்' ஒட்டி பைஜாமாஸ் ஆக்கிவிட்டான். அதோடு விடவில்லை, மேல்சட்டையையும் அதற்குள் சேர்த்துக்கொண்டான். இன்றைக்கு இங்கிலாந்துக் கடையில் பைஜாமாஸ் கேட்டால் மேலும் கீழும் சேர்ந்த செட். பெயரில் இருப்பது கால் மட்டும்.

பேண்ட்ஸ் கதை அதைவிட மோசம். என் சொந்த அவமானம்.

லண்டன் பையர் ஒருவர் 'மென்ஸ் பேண்ட்ஸ், காட்டன், மூன்று பீஸ் பேக்' என்று சாம்பிள் கேட்டிருந்தார். நாங்கள் அதுவரை அமெரிக்காவுக்கு மட்டும் பண்ணியவர்கள். பேண்ட் என்றால் பேண்ட்தானே. பேட்டர்ன் போட்டு, முழு நீளத்துக்கு டிராக் பேண்ட் மூன்று தைத்து, எலாஸ்டிக் நாடா எல்லாம் ஜோராகக் கோர்த்து கூரியரில் அனுப்பினோம். துணியின் தரம் அருமை, ஆனால் நான் கேட்டது இன்னும் கொஞ்சம் சின்னது என்று பதில் வந்தது. பிரிட்டனில் பேண்ட்ஸ் என்றால் ஜட்டி. டிராக் பேண்டை யாராவது மூன்று மூன்றாகக் கவரில் போட்டு விற்பார்களா? எனக்கு அப்போது தோன்றவில்லை, என் முதலாளிக்கும் தோன்றவில்லை. அந்த மூன்று சாம்பிளில் ஒன்று இப்போதும் வீட்டில் இருக்கிறது, நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.

பேண்ட்ஸ் என்பது பாண்டலூன்ஸ் என்பதன் சுருக்கம். பழைய இத்தாலிய நாடகங்களில் பாண்டலோனே என்று வெனிஸ் நகரத்துக் கஞ்சக் கிழவன் பாத்திரம் ஒன்று வரும். அவன் போட்டுவந்த கால்சட்டையால் வந்த பெயர். ஜீன்ஸோ ஊர்ப்பெயர், இத்தாலியின் ஜெனோவா.

பிப்ரவரி 7, இரவு

படுக்கப் போகுமுன் ஒன்று. டீச்சருக்கு எதிராக உங்கள் கையில் ஒரு ஆயுதம் தருகிறேன், பரீட்சையில் பயன்படாது.

துணி வியாபாரத்தில் இருக்கும் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் ஒருமையில்தான் பேசுவார்கள். 'அ பேண்ட்', 'அ டிரவுசர்', 'அ டெனிம் ஷார்ட்' என்று கேட்லாக்கிலேயே போடுவார்கள். வாங்கிப் போடுகிறவனுக்குப் பன்மை, வெட்டித் தைத்து விற்கிறவனுக்கு ஒருமை. எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒரு நாளும் 'பேண்ட்ஸ்' என்று சொன்னதில்லை. உங்கள் பையன் எழுதியது தையல்கடை ஆங்கிலம்.

பிப்ரவரி 8

வாலில் 'ஸ்' இருந்தும் நியூஸ் ஏன் ஒருமை என்று கேட்டவருக்கு. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து சேர்ந்ததுதான் நியூஸ் என்று எனக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பத்து வருஷம் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். கட்டுக்கதை. 'நியூ' என்றால் புதியது, 'ஸ்' சேர்த்தால் புதியவை. பிரெஞ்சில் 'நூவெல்' என்று பன்மையில் சொல்வதைப் பார்த்துச் செய்தது. முன்பு 'நியூஸ் ஆர்' என்று பன்மையாகவும் எழுதினார்கள். இப்போது 'நியூஸ் இஸ்' மட்டும்.

மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், மீசில்ஸ் எல்லாம் இதே சாதி. வால் பன்மை, வினை ஒருமை. சுருக்கும்போது பிரிட்டனில் மேத்ஸ், அமெரிக்காவில் மேத். நாம் மேத்ஸ் கட்சி.

பிப்ரவரி 8, இன்னும் கொஞ்சம்

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது பிடிக்கும். இன்னிங்ஸ் என்பது ஒருமையா பன்மையா? இரண்டும்தான். 'ஒன் இன்னிங்ஸ்', 'டூ இன்னிங்ஸ்'. அமெரிக்கர்கள் பேஸ்பாலில் 'இன்னிங்' என்று ஒருமையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் கமெண்டரியில் ஒருவர் 'இன்னிங்' என்றால் அவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்துவிடும்.

பிரிட்டிஷ் பத்திரிகையில் 'இங்கிலாந்து ஆர்' என்று இருக்கும். நாடு ஒன்று, ஆனால் ஆடுவது பதினொரு பேர், அதனால் பன்மை. அமெரிக்கன் 'இஸ்' போடுவான். போலீஸ் என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு ஊரிலும் 'ஆர்' தான். நமக்கோ 'ஒரு போலீஸ் நிக்கிறார்', 'போலீஸ் வந்துட்டாங்க', 'போலீஸ் தேடுது' என்று மூன்றும் ஓடும். இதில் யாரையும் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது.

பிப்ரவரி 11

இரண்டு நாள் வேறு வேலை. அதற்குள் இங்கே 'தமிழில் இந்தக் குழப்பமே இல்லை' என்று ஒருவர் மார்தட்டியிருக்கிறார்.

சாக்ஸ் என்கிறோமே, அது பன்மை. 'ஒரு சாக்ஸைக் காணோம்' என்று காலையில் கத்தாத வீடு உண்டா? பூட்ஸ், சிப்ஸ் அப்படித்தான். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியாச்சா என்று கேட்கிறோம், ஃபீ என்று யாரும் கேட்பதில்லை. ரயில்வே கேட்டில் நிற்கும்போது 'கூட்ஸ் போகுது' என்கிறோம். கூட்ஸ் என்றால் சரக்கு, நமக்கு அது ரயிலின் பெயர். பன்மையாக வந்த சொல்லை வாலோடு விழுங்கி ஒருமை ஆக்கிவிட்டோம். எனக்கு இது பிடித்தே இருக்கிறது, மொழி உயிரோடு இருந்தால் இப்படித்தான் மெல்லும்.

ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறது. பட்டாணிக்குப் பழைய பெயர் 'பீஸ்', அதுவே ஒருமை. காதில் விழும் 'ஸ்' ஒலியைப் பன்மை என்று நினைத்து, அதைக் கழற்றிவிட்டு, ஒரு பட்டாணிக்கு 'பீ' என்று புதிதாக ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டு வேலை இது. செர்ரியும் அப்படித்தான். வடக்கு பிரான்ஸிலிருந்து 'செரீஸ்' என்று ஒருமையாக வந்த பழத்தின் வாலைக் கடித்துத் துப்பிவிட்டார்கள்.

பிச்சைக்கு 'ஆம்ஸ்', செல்வத்துக்கு 'ரிச்சஸ்' இரண்டும் ஒருமையாகப் பிறந்தவை. வாலைப் பார்த்துப் பன்மையில் சேர்த்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12

நேற்று பஸ்ஸில் ஜன்னல் சீட். பல்லடம் ரோட்டில் ஒரு பர்லாங்குக்குள் பார்த்த போர்டுகள்: டெக்ஸ்டைல்ஸ், எலக்ட்ரிக்கல்ஸ், மெடிக்கல்ஸ், டிராவல்ஸ், ஒர்க்ஸ். கடைக்கு 'ஸ்' போடாவிட்டால் லைசென்ஸ் தரமாட்டார்கள் போல.

பிரிட்டனில் 'அ மெடிக்கல்' என்றால் டாக்டரிடம் போய்ச் செய்துகொள்ளும் உடல் பரிசோதனை. அங்கிருந்து வந்தவன் நம் மெடிக்கல்ஸ் போர்டைப் பார்த்தால், உள்ளே நாலைந்து பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள் என்று நினைப்பான். டிராவல்ஸ் என்றால் ஊர் சுற்றிய கதை. நமக்கு அது ராத்திரி ஒன்பது மணிக்கு வர வேண்டி, பத்தேகாலுக்கு வருகிற ஸ்லீப்பர் பஸ். ஒர்க்ஸ் மட்டும் சரியான ஆங்கிலம், பட்டறைக்கும் ஆலைக்கும் அதுதான் சொல்.

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் பாதிக்குப் பெயர் 'நிட்ஸ்' என்று முடியும். பின்னலாடை. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, காதுக்கு ஒன்றுதான். அதே ஒலியில் இன்னொரு நிட்ஸ் இருக்கிறது. பேன் முட்டை, அதாவது ஈர். இதை ஒரு வெள்ளைக்காரப் பையர் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

பிப்ரவரி 15

பன்மை ஆனதும் அர்த்தமே மாறிவிடும் சொற்கள்தான் உண்மையான வில்லங்கம். 'ஸ்' மறந்தால் அரை மார்க்தான் போகும், இங்கே பணம் போகும்.

டேமேஜ் என்றால் சேதம். எங்கள் தொழிலில் ஓட்டை விழுந்த, கறை பட்ட பீஸுக்கு டேமேஜ் என்றே பெயர். ஒரு ஷிப்மெண்டில் கலர் கொஞ்சம் வெளுத்துவிட்டது. பையரிடமிருந்து கடுதாசி: 'டேமேஜஸ்' பற்றி எங்கள் முடிவு என்ன என்று கேட்டிருந்தார். நான் செக்கிங்கில் விசாரித்து, 'மொத்தம் நான்கு டேமேஜஸ் மட்டுமே' என்று பெருமையாகப் பதில் போட்டேன். சட்டத்தில் டேமேஜஸ் என்றால் நஷ்ட ஈடு. அவர் பணம் கேட்கிறார், நான் நான்கு என்கிறேன். நான்கு என்ன? டாலரா, பவுனா, கோழிக்குஞ்சா?

கஸ்டம் என்றால் வழக்கம். கஸ்டம்ஸ் என்றால் வழக்கங்கள், கூடவே சுங்கம். ராஜாவுக்கு வழக்கமாகக் கட்டிவந்த வரி என்பதால் அந்தப் பெயர். தூத்துக்குடியில் கன்டெய்னர் மாட்டிக்கொண்ட நாட்களில் நாங்கள் அதைக் 'கஷ்டம்ஸ்' என்போம்.

ஆஷ் என்றால் ஆஷ்ட்ரேயில் விழுவது. ஆஷஸ் என்றால் எரித்த உடலின் மிச்சம். தமிழில் இந்த வேறுபாட்டுக்குத் தனிச் சொல்லே இருக்கிறது: அது சாம்பல், இது அஸ்தி. 1882இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து தோற்றதும், ஸ்போர்ட்டிங் டைம்ஸ் பத்திரிகை இங்கிலீஷ் கிரிக்கெட்டுக்குக் கேலியாக ஒரு மரண அறிவிப்புப் போட்டது. உடல் எரிக்கப்படும், அஸ்தி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்படும் என்று. ஆஷஸ் தொடரின் பெயர் அங்கிருந்து வந்தது. 'சாம்பல் கோப்பை' என்று மொழிபெயர்க்கிறார்கள். அஸ்திக் கோப்பை என்றால் அந்தக் கிண்டல் இன்னும் பக்கத்தில் வரும், ஆனால் ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் யார் போடுவார்கள்?

பிப்ரவரி 15, ராத்திரி

பிரமிசஸ் என்ற சொல்லைத் தனியாக வைத்திருந்தேன், என் அப்பா பத்திர எழுத்தர் என்பதால்.

'நோ ஸ்மோக்கிங் இன் தீஸ் பிரமிசஸ்' போர்டு எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கட்டடம் ஒன்று, ஏன் பன்மை? பழைய ஆங்கிலப் பத்திரங்களில் முதலில் வீடு, நிலம், கிணறு என்று சொத்தை விவரமாக எழுதிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் திருப்பி எழுத முடியாமல் 'தி பிரமிசஸ்' என்று போடுவார்கள். அதற்கு அர்த்தம் 'முன்னே சொன்னவை'. பத்திரத்தைப் படிக்கிறவர்களுக்கு 'முன்னே சொன்னவை' என்றால் அந்த வீடுதான் என்று ஆகி, நாளடைவில் சொல்லே வீட்டுக்குப் பெயராகிவிட்டது.

நம் பத்திரங்களில் இதே வேலையைச் செய்வது 'மேற்படி'. அப்பா முழுதாக எழுதமாட்டார், ௸ என்று ஒரே இழுப்பில் போடுவார். பார்க்க 'ஷை' மாதிரி இருக்கும், எல்லோரும் அப்படியேதான் படிப்பார்கள்: ஷை சொத்தை, ஷை நபருக்கு, ஷை கிரயம். சின்ன வயதில் ஷை என்பது யாரோ பெரிய பண்ணையார் என்று நினைத்திருந்தேன், ஊரில் பாதி நிலம் அவர் பெயரில்தானே இருந்தது. தமிழும் ஆங்கிலம் போன வழியில் போயிருந்தால் இன்று காம்பவுண்டுச் சுவரில் 'இந்த மேற்படிகளுக்குள் புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருப்போம்.

பிப்ரவரி 16

'ஃபர்னிச்சர்ஸ், லக்கேஜஸ், ஸ்டாஃப்ஸ், அட்வைசஸ், இன்ஃபர்மேஷன்ஸ் எல்லாம் தப்பு, நம்மூர் ஆங்கிலம்' என்று ஒரு அம்மா பட்டியல் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குச் சரியான பட்டியல்தான். நானும் ஆமாம் போட்டு எழுத ஆரம்பித்தேன், பாதியில் கை நின்றுவிட்டது. வங்கியிலிருந்தும் ஷிப்பிங் ஏஜெண்டிடமிருந்தும் வரும் அறிவிப்புத் தாளுக்குப் பெயர் அட்வைஸ். அவை நாலைந்து சேர்ந்தால் வணிக ஆங்கிலத்தில் அட்வைசஸ் என்பது பழைய, கௌரவமான சொல். நானே கட்டுக்கட்டாக ஃபைல் பண்ணியிருக்கிறேன். புத்திமதி என்ற பொருளில் மட்டும் 'ஸ்' கூடாது.

ஸ்டாஃப்ஸ் என்றால் கைத்தடிகள். 'ஸ்டாஃப்ஸ் ஒன்லி' என்று போர்டு போட்ட கதவுக்குள் மூலையில் நான்கு தடி சாத்தி வைத்திருந்தால் பொருத்தமாக இருக்கும்.

பிப்ரவரி 20

அம்மணி, உங்கள் பையன் ஏன் அப்படி எழுதினான் என்று யோசித்தேன். அவன் தமிழில் யோசித்திருக்கிறான், அதில் குற்றமில்லை.

ஓட்டலில் போய் 'நாலு இட்லிகள் கொடுங்கள்' என்று கேட்டுப்பாருங்கள். சப்ளையர் உங்களை டிவி சீரியலில் இருந்து எழுந்து வந்தவர் மாதிரி பார்ப்பார். நாலு இட்லி, பத்து மாம்பழம், ரெண்டு சட்டை. எண் சொல்லியாச்சு, அப்புறம் 'கள்' எதற்கு? 'யானை வந்தது', 'யானை வந்தன' என்று பெயரை அப்படியே விட்டுவிட்டு வினையை வைத்து எண்ணிக்கை சொல்ல இலக்கணமே இடம் தருகிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்திருப்போம். ஒன்றானாலும் பலவானாலும் மாறாத ஷீப் (செம்மறியாடு), டியர் (மான்) இரண்டையும் ஆங்கில டீச்சர் விதிவிலக்கு என்பார். நமக்கு அது விதி.

ஆங்கிலத்துக்கு நாலு என்று சொன்ன பிறகும் 'ஸ்' வேண்டும். ஆனால் அதே ஆங்கிலம் 'ஃபைவ் ரூபி நோட்', 'செவன் இயர் ஓல்ட் பாய்' என்று வரும்போது 'ஸ்' ஐ விழுங்கிவிடும். டிரவுசர்ஸ் பன்மை, டிரவுசர் பாக்கெட் ஒருமை. சரி, இது விதி என்று பிடித்துக்கொண்டால் கூட்ஸ் டிரெயின், சேவிங்ஸ் அக்கவுண்ட், கஸ்டம்ஸ் ஆபீசர் என்று வந்து நிற்கும். பையனிடம் இதை இப்போது சொல்லாதீர்கள்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நம்மில் பாதிப்பேர் சொல்வதும் இதனால்தான். 'என் நண்பர் ஒருவர்' என்றுதான் நமக்கு வாயில் வரும், அதில் பன்மையே கிடையாது. 'நண்பர்களில் ஒருவர்' என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள், 'ஸ்' தானாக விழும்.

பிப்ரவரி 20, சேர்க்கை

பையன் கேட்டானாம்: ஆள் ஒருவர்தானே, 'யூ ஆர்' ஏன்? கெட்டிக்காரன். யூ என்பது பன்மைச் சொல்தான். ஒருவரை 'தௌ' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, எல்லோருக்கும் மரியாதை கொடுத்துக் கொடுத்து தௌ செத்துப்போனது. நாம் டீச்சரை 'நீங்கள்' என்பதும் 'மிஸ் வந்தாங்க' என்பதும் இதே மரியாதைதான். நாம் 'நீ' யைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம், வீட்டில் சண்டை போட வேண்டுமே.

பிப்ரவரி 21

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று ஆரம்பிக்காதீர்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இழை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 22

ஆரம்பித்துவிட்டீர்கள். 'வாழ்த்துக்கள் என்றால் வாழ்த்தும் கள்ளும்' என்ற ஜோக்கை மூன்று பேர் தனித்தனியாகப் போட்டிருக்கிறீர்கள், மூன்று பேரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி.

பிப்ரவரி 27

மகள் வீட்டு அபார்ட்மெண்ட் லிஃப்டில்: '8 பெர்சன்ஸ், 544 கிலோ'. ஆளுக்கு 68 கிலோ. பீப்பிள் என்று ஏன் போடவில்லை என்று யோசித்துக்கொண்டே மூன்றாம் மாடியைத் தாண்டிவிட்டேன். சட்டத்துக்கும் போர்டுக்கும் பெர்சன்ஸ், பேச்சுக்கு பீப்பிள். அந்த பீப்பிளுக்கும் 'ஸ்' போட்டால் பல இனத்து மக்கள் என்று ஆகும். தமிழில் 'மக்கள்' என்பதற்குள்ளேயே ஒரு 'கள்' உட்கார்ந்திருக்கிறது. மேடையில் ஒருவர் 'மக்கள்கள்' என்று சொன்னதைக் காதால் கேட்டேன். சில்ட்ரன் கட்சியில் சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

மார்ச் 2

இன்று காலை எங்கள் தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் அயர்ன்காரரிடம் துணி கொடுத்தேன். அவர் எண்ணுவதைக் கவனித்தேன், இந்த இழையின் கெட்ட பழக்கம். சட்டை, பேண்ட் என்று அவர் பிரிப்பதில்லை. மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக இடது பக்கம் போட்டுக்கொண்டே, 'ஒண்ணு, ரெண்டு' என்று பதினொன்று வரை வந்து, அட்டை நோட்டில் '11 உருப்படி' என்று எழுதினார். சுடிதார் செட் இரண்டு உருப்படி, துப்பட்டா தனி. பேண்ட் ஒரு உருப்படி. என் பழைய டிராக் பேண்டும் ஒன்று.

சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "ஏனுங்க, பேண்டுக்கு ரெண்டு கால் இருக்குதே, ஒண்ணுன்னு எழுதறீங்க?"

பெட்டியில் கரியைக் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னார். "வேட்டிக்குக் காலே இல்லீங்க. அதுக்குக் காசு வேண்டாம்னு சொல்லீறட்டுங்களா?"